டைனோ காட்டும் எச்.பி.யும் தடத்தில் கிடைக்கும் பிக்கப்பும்

குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 போர்ட்டிங் (சிலிண்டரில் காற்றும் புகையும் போய்வரும் துளைகளை அரத்தால் பெரிதாக்குவது) முடிந்து பட்டறையை விட்டு வெளியே வந்தால், பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது "இப்ப எத்தன எச்.பி. வருது?" என்பதுதான். அதற்குப் பதில் தேடி வண்டியைக் கோயம்புத்தூருக்கு இறக்கி, எச்.பி.யை, அதாவது குதிரைத்திறனை, கணக்கிடும் டைனோ இயந்திரத்தில் ஏற்றுகிறார்கள். கையில் ஒரு எண்ணோடு திரும்புகிறார்கள். பிறகு அதே வண்டி டிராக் போட்டியில் எச்.பி. குறைந்த வண்டியிடம் தோற்கும்போது, எண் பொய்யா, ஓட்டினவன் சரியில்லையா என்று சண்டை வருகிறது. பெரும்பாலும் இரண்டும் காரணமாக இருப்பதில்லை. டைனோ அளப்பது ஒன்று, 402 மீட்டர் (கால் மைல்) போட்டித் தடம் அளப்பது இன்னொன்று. நீலகிரிக்காரர்களுக்கு இதில் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொள்கிறது: மேலே ஒரு காற்று, கீழே வேறொரு காற்று.

அந்த எண் எப்படி வருகிறது

டைனோ எச்.பி.யை நேராக அளப்பதில்லை. பின்சக்கரத்துக்கு அடியில் கனமான உருளை ஒன்று இருக்கும். வண்டி அதைச் சுழற்றி வேகமேற்ற வேண்டும். உருளையின் நிலைமம் (சுழல்வேகம் மாறுவதை எதிர்க்கும் அளவு) முன்பே தெரியும் என்பதால், அது எவ்வளவு நேரத்தில் எவ்வளவு வேகமெடுத்தது என்று பார்த்து விசையைக் கணக்கிட்டுவிடலாம். விசையை வேகத்தால் பெருக்கினால் எச்.பி. இது இனர்ஷியா டைனோ. பிரேக் டைனோ என்ற இன்னொரு வகையில் உருளையோடு மின்காந்த பிரேக் சேர்ந்திருக்கும். இன்ஜினை ஒரே ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) பிடித்துவைத்து நிதானமாக அளக்கலாம்.

டார்க்கை, அதாவது இன்ஜினின் திருப்புவிசையை, நியூட்டன் மீட்டரில் எடுத்து, ஆர்பிஎம்மால் பெருக்கி, 7,121 ஆல் வகுத்தால் எச்.பி. கிடைக்கும். 7,500 ஆர்பிஎம்மில் 10 நியூட்டன் மீட்டர் கொடுக்கும் இன்ஜினுக்கு 10.5 எச்.பி. அதே இன்ஜினை மாற்றியமைத்து 10,000 ஆர்பிஎம்மில் 9.5 நியூட்டன் மீட்டர் வரவைத்தால் 13.3 எச்.பி. ஆகிவிடும். டார்க் குறைந்திருக்கிறது, எச்.பி. கூடியிருக்கிறது. ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் டியூனிங்கில் கிடைக்கும் எச்.பி. பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. டார்க்கை மேல் ஆர்பிஎம்முக்கு நகர்த்துகிறோம். அப்படி நகர்த்தும்போது கீழே ஒரு பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

ஆர்எக்ஸ் 100-க்குக் கம்பெனி சொன்ன 11 எச்.பி. கிராங்கில் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) அளந்தது. கியர்பாக்ஸ், செயின், டயர் என்று வழியிலேயே 10 முதல் 15 விழுக்காடு போய்விடும். பின்சக்கரத்தில் 9.5 வந்தால் அது ஆரோக்கியமான ஸ்டாக் (மாற்றம் எதுவும் செய்யாத) இன்ஜின். "ஸ்டாக் 11, இப்ப வீல்ல 13, ஆக 2 எச்.பி. ஏறியிருக்கு" என்று கணக்குப் போடுவது கிராங்கையும் சக்கரத்தையும் கலக்கும் கணக்கு. மாற்றங்களைத் தொடங்குவதற்கு முன் அதே டைனோவில் ஸ்டாக் வண்டியை ஒரு தடவை அளந்துவைக்காதவர்களுக்கு, பின்னால் வரும் எந்த எண்ணும் உதவாது.

அதே டைனோவிலேயே எண் ஆடும். எந்த கியரில் ஓட்டினார்கள், வண்டியைக் கட்டிய பட்டையை எவ்வளவு இறுக்கினார்கள், பின் டயரில் எவ்வளவு காற்று, செயின் எவ்வளவு இறுக்கம் என்று ஒவ்வொன்றும் சில விழுக்காடு இழுக்கும். பெரிய பைக்குகளுக்காகச் செய்த கனமான உருளையை 100 சிசி இன்ஜின் சுழற்ற நெடுநேரம் எடுக்கும். அதற்குள் ஹெட் (சிலிண்டரின் மூடி) சூடேறி மேல் ஆர்பிஎம் பகுதியில் எண் சரியும். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரின் சூடும் கணக்கில் வரும். ஆறிய எக்ஸ்பான்ஷன் சேம்பருக்குள் (நடு பருத்த டியூனிங் சைலன்சர்) ஒலியலை மெதுவாகப் போவதால் உச்சம் கீழ் ஆர்பிஎம்மில் விழும். நன்றாகச் சூடான பிறகு அதே உச்சம் மேலே நகரும். ஆகவே முதல் ஓட்டத்தைத் தள்ளிவிட்டு, அடுத்த மூன்றை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே முறை.

கரெக்‌ஷன் என்ற பெருக்கல்

டைனோ தாளில் அச்சாகும் எண், அளந்த எண்ணாக இருக்காது. அன்றைய வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம் மூன்றையும் வைத்து ஒரு பொதுவான காற்றுக்கு மாற்றிய எண் அது. எஸ்ஏஇ என்ற அமெரிக்க வாகனப் பொறியாளர் அமைப்பின் முறை 25 டிகிரி வெப்பத்தையும் 990 ஹெக்டோபாஸ்கல் உலர் காற்றழுத்தத்தையும் அடிப்படையாகக் கொள்கிறது. எஸ்டிடி என்ற பழைய முறை குளிர்ந்த, அடர்த்தியான காற்றை எடுத்துக்கொள்வதால் அதே ஓட்டத்துக்குச் சுமார் 4 விழுக்காடு கூடுதலாகக் காட்டும். ஒருவர் தாளில் எஸ்ஏஇ, இன்னொருவர் தாளில் எஸ்டிடி என்றிருந்தால் இரண்டையும் ஒப்பிடக்கூடாது.

இனி நம் மலைக்கு வருவோம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோயம்புத்தூர் சுமார் 410 மீட்டரில். ஊட்டியில் காற்றழுத்தம் 775 ஹெக்டோபாஸ்கலை ஒட்டி இருக்கும், கோயம்புத்தூரில் 965. அழுத்தத்தை மட்டும் பார்த்தால் 20 விழுக்காடு குறைவு. ஆனால் ஊட்டிக் குளிர் கொஞ்சம் கைகொடுக்கிறது: ஊட்டி 15 டிகிரி, கோவை 30 டிகிரி என்று வைத்தால், ஒரு கன மீட்டர் காற்று ஊட்டியில் 0.94 கிலோ, கோவையில் 1.11 கிலோ. அதாவது அடர்த்தி 15 விழுக்காடு குறைவு. இன்ஜினுக்குள் போகும் காற்று குறையும் அளவுக்கு எரியும் பெட்ரோலும் குறைய வேண்டும், எச்.பி.யும் குறையும். உராய்வு மட்டும் குறையாது என்பதால் பின்சக்கரத்தில் இழப்பு 15-ஐ விடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

எஸ்ஏஇ சமன்பாட்டில் இதே நிலைகளைப் போட்டால் கோவைக்குக் கரெக்‌ஷன் 1.07 அருகில் வரும், ஊட்டிக்கு 1.32. சக்கரத்தில் உண்மையில் 9 எச்.பி. தரும் வண்டியை ஊட்டியில் அளந்தால் தாளில் 11.9 என்று அச்சாகும். இத்தனை மெல்லிய காற்றுக்காக அந்தச் சமன்பாடு எழுதப்படவில்லை. எழுதப்பட்டிருந்தாலும், 402 மீட்டரில் வண்டியைத் தள்ளப் போவது 9 எச்.பி. மட்டுமே; மீதி 2.9 காகிதத்தில் இருக்கிறது. மலைக்காரர்கள் டைனோ தாளை வாங்கும்போது கரெக்‌ஷன் போடாத எண்ணையும் சேர்த்துக் கேட்டு வாங்குவது நல்லது.

டர்போ வண்டிகளில் இந்தக் கரெக்‌ஷன் இன்னும் தவறாகும். டர்போ தன் பங்குக்கு அழுத்தத்தை ஈடுகட்டிவிடும். அதற்கு மேலும் 1.32-ஆல் பெருக்கினால் ஒரே குறையை இரண்டு முறை நிரப்பியதாகும்.

போர்ட்டிங், சேம்பர், ஹெட்

ஆர்எக்ஸ் 100-இன் போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ. எக்ஸாஸ்ட் போர்ட்டின் (புகை வெளியேறும் துளை) மேல் விளிம்பை 1 மி.மீ. உயர்த்தினால் அது திறந்திருக்கும் காலம் ஏறக்குறைய நாலரை டிகிரி நீளும். 1 மி.மீ. என்பது ஃபைலை நாலைந்து தடவை அழுத்தி இழுத்தாலே போய்விடும் அளவு. திரும்ப ஒட்ட முடியாது. அதனால் அரை மி.மீ. எடுத்து, டிகிரி தகட்டை கிராங்கில் மாட்டி அளந்து, பிறகு அடுத்த அரை மி.மீ.க்குப் போக வேண்டும். அகலத்தைக் கூட்டும் ஆசையில் போர்ட்டை போரின் 70 விழுக்காட்டுக்கு மேல் விரித்தால் பிஸ்டன் ரிங் வெளியே பிதுங்கி விளிம்பில் மாட்டி உடையும். விளிம்பு முழுக்க மெல்லிய சாய்வு கொடுக்காமல் விட்டாலும் இதே கதிதான். ரிங் துண்டு ஒன்று உடைந்தால் பிஸ்டனும் பேரலும் (சிலிண்டர்) சேர்ந்தே போகும்.

போர்ட் உயர்ந்ததும் இன்னொன்று நடக்கிறது. எக்ஸாஸ்ட் மூடிய பிறகுதான் உண்மையான கம்ப்ரஷன் தொடங்கும் என்பதால், அந்தத் தூரமும் 1 மி.மீ. குறைகிறது. கீழ் ஆர்பிஎம்மில் வண்டி சோம்பேறியாவதற்கு இது ஒரு காரணம். இதைச் சரிக்கட்டத்தான் ஹெட்டை லேத்தில் கொடுத்து இறக்குகிறார்கள். இறக்கும்போது பார்க்க வேண்டியது ஸ்குவிஷ் இடைவெளி, அதாவது பிஸ்டன் உச்சத்தில் நிற்கும்போது ஹெட்டின் ஓரத்துக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி. 2 மி.மீ. ஈயக்கம்பியை ப்ளக் ஓட்டை வழியாக, பிஸ்டன் பின் இருக்கும் திசையில் பேரல் சுவர் வரை விட்டு, கிராங்கை ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து, நசுங்கிய நுனியை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். இரண்டு பக்கமும் அளந்து சராசரி பார்க்க வேண்டும். வேறு திசையில் விட்டால் பிஸ்டன் சாய்ந்து தப்பான அளவு வரும். இந்த அளவு இன்ஜினுக்கு 0.8 முதல் 0.9 மி.மீ. பாதுகாப்பானது. 0.6-க்குக் கீழே போனால் 10,000 ஆர்பிஎம்மில் ராட் நீண்டு பிஸ்டன் ஹெட்டில் முத்தமிட ஆரம்பிக்கும்.

சேம்பரின் நீளத்துக்கு எளிய கணக்கு உண்டு. எக்ஸாஸ்ட் திறந்திருக்கும் டிகிரியை 43,200 ஆல் பெருக்கி, வேண்டிய ஆர்பிஎம்மால் வகுத்தால், பிஸ்டன் முகத்திலிருந்து பின் கூம்பு வரை எத்தனை மி.மீ. வேண்டும் என்பது கிடைக்கும். 190 டிகிரி, 10,000 ஆர்பிஎம் என்றால் 820 மி.மீ. அதே இன்ஜினுக்கு 9,000 என்றால் 910. இந்த 90 மி.மீ.தான் உச்சத்தை 1,000 ஆர்பிஎம் மேலேயோ கீழேயோ நகர்த்துகிறது. போர்ட்டைத் தொடாமல் வேறு வண்டியின் சேம்பரை வாங்கி மாட்டுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். போர்ட் 8,000-க்கும் சேம்பர் 10,500-க்கும் செய்யப்பட்டிருந்தால் இரண்டுக்கும் நடுவில் இன்ஜின் திணறும். சத்தம் மட்டும் கூடும்.

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிடுவது, விலை உயர்ந்த ப்ளக் போடுவது ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நல்ல நிலையில் உள்ள இன்ஜினில் ப்ளக் மாற்றி எச்.பி. ஏறாது. ஃபில்டரை எடுத்தால் கலவை லீனாகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் போகும். சில வண்டிகள் அதனால் கொஞ்ச நேரம் துடிப்பாக ஓடும், பிறகு சீஸ் ஆகும், அதாவது பிஸ்டன் சூட்டில் இறுகி நின்றுவிடும்.

கியர் மாற்றிய பிறகு எங்கே விழுகிறது

மேலே சொன்ன பள்ளத்துக்கு வருவோம். இரண்டாம் கியரில் 10,500 வரை இழுத்து மூன்றாம் கியர் போடுகிறோம். இரண்டு கியர்களுக்கும் உள்ள விகிதம் 1.4 என்றால் ஆர்பிஎம் 7,500-க்கு விழும். அதாவது தடத்தில் இன்ஜின் வேலை செய்வது 7,500-க்கும் 10,500-க்கும் நடுவில். அந்த 3,000 ஆர்பிஎம்மில் சராசரியாக எத்தனை எச்.பி. என்பதே வண்டியின் பிக்கப். உச்சம் அதில் ஒரு புள்ளி மட்டும்.

இரண்டு இன்ஜின்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றுக்கு உச்சம் 15 எச்.பி., ஆனால் 7,500-இல் 7 மட்டும். அந்த இடைவெளியில் சராசரி 11.2. மற்றதற்கு உச்சம் 14, ஆனால் 7,500-இலேயே 10 இருக்கிறது; சராசரி 12.4. டைனோ தாளில் முதல் வண்டி ஜெயிக்கும். தடத்திலோ இரண்டாவது வண்டிக்குச் சுமார் 10 விழுக்காடு கூடுதல் திறன். காற்றுத் தடையை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், குறித்த தூரத்தைக் கடக்கும் நேரம் எச்.பி.யின் கனமூலத்துக்கு எதிர்விகிதமாக மாறும். 10 விழுக்காடு திறன் கூடினால் நேரம் 3 விழுக்காட்டுக்குச் சற்றுமேல் குறையும். 17 நொடி ஓட்டத்தில் அரை நொடி. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அரை நொடி என்பது 14 மீட்டர் தூரம்!

ஆர்எக்ஸ் 100-க்கு நாலு கியர்தான். கியர்களுக்கு இடையே இறக்கம் பெரிது. அதில் கூர்மையான உச்சம் கொண்ட டியூனிங் செய்தால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் பள்ளத்தில் போய் விழும். ஆர்எக்ஸ் 135-இன் ஐந்து கியர் பெட்டியைத் தேடிப் போட்டுக்கொள்வதற்கு இதுதான் காரணம், அது நியாயமான செலவும் கூட. கியர்பாக்ஸை மாற்றாதவர்கள் போர்ட்டிங்கை மிதமாக வைத்துக்கொள்வதே மேல் என்பது என் உறுதியான கருத்து. மலைப்பாதையில் தினமும் ஏறி இறங்கும் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்: பர்லியாரிலிருந்து குன்னூர் ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் 4,000, 5,000 ஆர்பிஎம்மில் இழுவை வேண்டும். டிராக் டியூனிங் அங்கே கை கொடுக்காது.

பின் ஸ்ப்ராக்கெட்டில் பல் கூட்டுவது மலிவான மாற்றம். டைனோவில் எச்.பி. அப்படியே இருக்கும், புறப்பாடு மட்டும் மாறும். முடிவுக் கோட்டைக் கடக்கும்போது கடைசி கியரில் உச்ச எச்.பி. ஆர்பிஎம்மைச் சற்றுத் தாண்டியிருக்க வேண்டும். அதைப் பார்த்துப் பல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோட்டுக்கு 80 மீட்டர் முன்பே இன்ஜின் கத்தி நின்றுவிட்டால் பல் அதிகம். கடைசி கியர் போட்டதும் ஆர்பிஎம் தூங்கினால் பல் குறைவு.

டைனோவுக்குத் தெரியாதவை

வண்டி 103 கிலோ, ஓட்டுபவர் 65 கிலோ, ஆக 168. பிக்கப்பைப் பொறுத்தவரை எடையில் 5 விழுக்காடு குறைப்பதும் எச்.பி.யில் 5 விழுக்காடு கூட்டுவதும் ஏறக்குறைய ஒன்றே. 5 விழுக்காடு என்பது 8 கிலோ. சாரி கார்டு, லெக் கார்டு, சென்டர் ஸ்டாண்டு, பின் கேரியர் ஆகியவற்றைக் கழற்றி, டேங்கில் ஒன்றரை லிட்டர் மட்டும் விட்டுக் கிளம்பினால் 8 கிலோ சுலபமாகத் தாண்டும். நிறைந்த டேங்கில் பெட்ரோல் மட்டுமே 7 கிலோவை ஒட்டி இருக்கும். அரை எச்.பி.க்குச் சமமான லாபம் இது, செலவே கிடையாது.

காற்றுத் தடை அதைவிடப் பெரிது. நிமிர்ந்து உட்கார்ந்து மணிக்கு 110 கி.மீ.இல் போகும்போது, கோவைக் காற்றில், காற்றைக் கிழிக்க மட்டுமே சுமார் 10 எச்.பி. தேவை. தாடையை டேங்கில் பதித்து, முழங்கையை முழங்காலுக்கு உள்ளே இழுத்துப் படுத்தால் அது எட்டரைக்கு இறங்கும். நல்ல போர்ட்டிங் வேலை ஒன்று தரும் லாபம் உடம்பை மடக்குவதிலேயே இருக்கிறது. டைனோவில் வண்டி நின்ற இடத்திலேயே நிற்பதால் இது தெரியவே தெரியாது. மலைக்காற்றில் இந்தத் தடையும் அடர்த்திக்கு ஏற்ப 15 விழுக்காடு குறையும். ஊட்டியில் வண்டியின் இழுவை செத்ததுபோல இருந்தும் உச்ச வேகம் அந்த அளவுக்கு விழாமல் இருப்பது இதனால்தான்.

அடுத்தது மேக்னெட், அதாவது கிராங்கின் நுனியில் அதோடு சேர்ந்து சுழலும் காந்தச் சக்கரம். கிராங்கும் மேக்னெட்டும் சேர்ந்த நிலைமம் 0.005 கிலோ சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் 30 சுற்று சுற்றினால், அந்தச் சுழலும் எடை வண்டியில் 50 கிலோ கூடுதலாக ஏற்றியதற்குச் சமம். கடைசி கியரில் 10 சுற்று என்றால் வெறும் 5½ கிலோ. மேக்னெட்டை லேத்தில் கடைந்து நிலைமத்தை 20 விழுக்காடு குறைத்தால் முதல் கியரில் 10 கிலோ இறங்கியதுபோல இருக்கும், கடைசி கியரில் ஒரு கிலோ. இனர்ஷியா டைனோவில் கீழ் கியரில் அளந்தால் இது எச்.பி. கூடியதாகத் தெரியும், பிரேக் டைனோவில் ஒரே ஆர்பிஎம்மில் பிடித்து அளந்தால் எதுவும் மாறியிருக்காது. இன்ஜின் கூடுதலாக எதையும் உற்பத்தி செய்யவில்லை, தன்னைச் சுழற்றிக்கொள்ளக் குறைவாகச் செலவழிக்கிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 8,000 ஆர்பிஎம்மில் பிடித்து கிளட்சை விடும்போது வண்டியை முதலில் உந்துவது மேக்னெட்டில் சேர்ந்திருக்கும் ஆற்றல். 8,000-இலிருந்து 5,000-க்கு விழும்போது மேலே சொன்ன நிலைமம் வெளியிடும் ஆற்றல் 1,000 ஜூலைத் தாண்டும். கிளட்ச் வழுக்கலில் பாதி போனாலும், நின்ற வண்டியை மணிக்கு 8, 9 கி.மீ. வேகத்துக்குத் தள்ள அது போதும். அளவு மீறிக் கடைந்தால் கிளட்ச் விட்டதும் ஆர்பிஎம் பள்ளத்தில் விழுந்து வண்டி மூச்சுத்திணறும். மேக்னெட்டை மெலிதாக்கிய பிறகு 10,000-இல் அது வெடித்துச் சிதறும் ஆபத்தும் இருக்கிறது. காந்தம் ஒட்டியிருக்கும் ஓரத்தை ஒருபோதும் கடையக்கூடாது.

ஸ்விங் ஆர்மை (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) நீட்டுவது 100 சிசி வண்டியில் தேவையில்லாத வேலை. முன்சக்கரம் தூக்குமா என்பது இரண்டு அளவுகளைப் பொறுத்தது: எடை மையம் பின் அச்சுக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது. முன்னால் 0.6 மீட்டர், உயரம் 0.75 மீட்டர் என்றால் புவியீர்ப்பில் 0.8 பங்கு முடுக்கத்தில்தான் சக்கரம் எழும். நம் 100 சிசி வண்டி இன்ஜின் டார்க்கால் மட்டும் முதல் கியரில் அதில் பாதியைத்தான் எட்டும். கிளட்சைச் சட்டென்று விடும் அந்தக் கணத்தில் மட்டும் மேக்னெட் ஆற்றலால் தூக்கும். அதைக் கையால் அடக்கலாம். சுசுகி ஹயபுசா போன்ற வண்டிகளின் கதை வேறு. முதல் இரண்டு கியர்களிலும் அவை தூக்கும் எல்லையிலேயே ஓடுகின்றன. அங்கே ஸ்விங் ஆர்மை நீட்டாமல் எச்.பி. மட்டும் கூட்டினால் தாளில் எண் ஏறும், முதல் 100 மீட்டரில் நேரம் நகராது.

கடிகாரத்தைப் படிக்கும் முறை

டிராக்கில் இரண்டு எண்கள் கிடைக்கும்: மொத்த நேரம், கோட்டைக் கடக்கும் வேகம். கடக்கும் வேகம் பெரும்பாலும் எச்.பி.யைச் சொல்லும். மொத்த நேரத்தில் புறப்பாடு, கியர், ஓட்டுபவர் எல்லாம் கலந்திருக்கும். ஒரு மாற்றத்துக்குப் பிறகு வேகம் கூடி நேரம் அப்படியே இருந்தால், இன்ஜினில் திறன் ஏறியிருக்கிறது; அதைப் புறப்பாட்டிலோ கியர் இடைவெளியிலோ இழக்கிறோம். நேரம் குறைந்து வேகம் அப்படியே இருந்தால் புறப்பாடு சீரானது, இன்ஜினில் ஒன்றும் கூடவில்லை. முதல் 18.3 மீட்டர் நேரத்தையும் தனியாகக் குறித்துவைத்தால் குற்றவாளி இன்னும் சீக்கிரம் பிடிபடும். டைனோ தாளை விட இந்த மூன்று எண்களும் உண்மையாகப் பேசும்.

ஜிபிஎஸ் கருவியை வைத்துக்கொண்டு மலைச்சாலையில் அளப்பது இதில் பெரிய ஏமாற்று. நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு கண்ணுக்குத் தெரியாது. 402 மீட்டரில் அது 4 மீட்டர் இறக்கம். மணிக்கு 100 கி.மீ.இல் கோட்டைக் கடக்கும் வண்டியின் இயக்க ஆற்றலில் 10 விழுக்காடு அந்த 4 மீட்டரிலிருந்தே வந்துவிடும். ஒரு எச்.பி. ஏறிவிட்டது என்று கொண்டாடியவர்களில் பலருக்கு ஏறியது சரிவின் எச்.பி.தான். அத்துடன் பொதுச்சாலையில் வேகச் சோதனை நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். கல்லட்டி இறக்கத்திலும் மசினகுடி சாலையிலும் எதிரே யானையோ காட்டெருமையோ நிற்கலாம். ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் தடம் இருக்கிறது. போட்டி நாளில் பதிவு செய்து ஓட்டலாம்.

மேலிருந்து கீழே இறங்கும் வண்டி

நீலகிரி வண்டிகள் தடத்தில் சீஸ் ஆவதற்கு முதல் காரணம் ஜெட், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை. கார்புரேட்டர் காற்றின் எடையைப் பார்த்துப் பெட்ரோல் விடுவதில்லை; காற்றின் அடர்த்தி குறையும்போது பெட்ரோல் அதில் ஏறக்குறைய பாதி விழுக்காடுதான் குறையும். அடர்த்தி 15 விழுக்காடு குறைந்த ஊட்டியில் கோவை ஜெட் 9 விழுக்காடு ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) ஓடும். அதனால் ஊட்டியில் மெயின் ஜெட்டைக் குறைப்பார்கள், அது சரிதான். அதே ஜெட்டோடு கீழே இறங்கினால் 8 விழுக்காடு லீன். இருங்காட்டுக்கோட்டை ஏறத்தாழ கடல் மட்டம் என்பதால் அங்கே 10 விழுக்காடு. மலையில் 17 நொடி முழு திராட்டில் பிடிக்கும் சாலை எங்கும் இல்லாததால் அங்கே குறை வெளியே தெரியாது. தடத்தில் மூன்றாவது ஓட்டத்திலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

ஜெட் எண்ணைப் பார்த்துக் கணக்குப் போடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில ஜெட்டுகளில் எண் என்பது துளையின் விட்டம். சிலவற்றில் அது ஓடும் பெட்ரோலின் அளவு. ஓட்டத்தைக் குறிக்கும் வகையில் கோவையில் 110 பொருந்தினால் ஊட்டிக்கு 100. விட்டத்தைக் குறிக்கும் வகையில் அதே மாற்றத்துக்கு 105 போதும்; 100-க்குப் போனால் இரண்டு மடங்கு குறைத்ததாகிவிடும்.

ஹெட்டிலும் இதே கண்ணிதான். ஊட்டிக் காற்றில் அழுத்தம் குறைவு, குளிர்ச்சியும் அதிகம் என்பதால் ஹெட்டைக் கொஞ்சம் கூடுதலாக இறக்கினாலும் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) எளிதில் வராது. "தாங்குது" என்று இன்னும் கொஞ்சம் இறக்குவார்கள். கோவையின் 32 டிகிரி வெயிலில் அதே ஹெட் பிஸ்டன் ஓரத்தை அரித்துவிடும். கீழே ஓட்டப்போகும் வண்டிக்கு ஹெட்டும் டைமிங்கும் (ப்ளக் பொறிவிடும் நேரம்) கீழேயே முடிவு செய்யப்பட வேண்டும். மேலே கிடைக்கும் இழப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கார்புரேட்டர் இல்லாத எஃப்ஐ (ஃபியூவல் இன்ஜெக்‌ஷன்) வண்டிகளில் சென்சார் காற்றழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோலைத் தானே திருத்திக்கொள்வதால் ஜெட் தொல்லை இல்லை. ஆனால் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மேப்பை மாற்றியவர்கள் அந்தத் திருத்தம் இன்னும் வேலை செய்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போட்டிக்கு முந்தின நாளே இறங்கி, கணக்கில் வரும் ஜெட்டை விட ஒரு அளவு பெரியதைப் போட்டுத் தொடங்குங்கள். புது ப்ளக்கோடு கடைசி கியரில் எட்டு, பத்து நொடி முழு திராட்டில் பிடித்து, கிளட்சைப் பிடித்த கையோடு சாவியை அணைத்து, உருளவிட்டு நிறுத்திக் கழற்றிப் பாருங்கள். பீங்கானின் நுனி நிறத்தை நம்பாதீர்கள். உள்ளே, பீங்கான் இரும்போடு சேரும் அடியில் மெல்லிய காப்பி நிற வளையம் தெரிய வேண்டும். வளையமே இல்லாமல் வெள்ளையாக இருந்தால் லீன், ஜெட்டைக் கூட்டுங்கள். அடி முழுக்கக் கறுத்திருந்தால் ஒரு அளவு குறைக்கலாம். பீங்கானில் மிளகுத்தூள் தெளித்ததுபோலக் கறுப்பு, வெள்ளிப் புள்ளிகள் தெரிந்தால் அது நாக்கிங். வெள்ளி என்பது பிஸ்டனின் அலுமினியம். அப்போது ஜெட்டை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த ஓட்டத்துக்குப் போகக்கூடாது. டைமிங்கை இரண்டு டிகிரி பின்னுக்குத் தள்ளி, புது ப்ளக் போட்டு மறுபடி பாருங்கள். புள்ளிகள் அதற்கும் போகவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றி, தடிமனான பேக்கிங் போட்டு, ஸ்குவிஷை ஈயக்கம்பியால் மீண்டும் அளந்த பிறகே வண்டியைத் தடத்தில் ஏற்ற வேண்டும்.